கடனில்லாதவருக்கு மூன்று ஓலை

என் வீட்டுக்காரருக்குக் கடன் கிடையாது. இதை அவர் சொல்லாத இடமும் கிடையாது. கல்யாண வீட்டில் சாம்பாரில் உப்பில்லை என்று யாராவது குறை சொன்னால், "உப்பு இல்லாட்டிப் போகுது, கடன் இல்லாம கல்யாணத்த முடிச்சாரா, அதப் பாருங்க" என்பார். இழவு வீட்டுக்குப் போனால், "மனுசன் ஒருத்தருக்கும் கடன் வைக்காமப் போனாரு, அது போதும்" என்பார். இருபது வருடமாக இதைக் கேட்டுக் கேட்டு எனக்குக் கடன்காரர்கள் மேல் ஒரு பிரியமே வந்துவிட்டது. அவர்கள் வீட்டில் பேசுவதற்கு வேறு விஷயமாவது இருக்கும்.

அவர் பெயர் வளன். காரைக்குடியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். எங்கள் பங்கு மாதாகோயிலின் பேரவையில் பொருளாளர், அதாவது உண்டியல் சாவி அவர் இடுப்பில் இருக்கும். யாரிடமும் கைநீட்டமாட்டார், யாருக்கும் ஜாமீன் கையெழுத்தும் போடமாட்டார். கூட வேலை பார்க்கிறவர்கள் சொசைட்டிக் கடனுக்கு ஜாமீன் கேட்டு வீடு தேடி வந்தால், ஒரு டம்ளர் மோர் கொடுத்து உட்காரவைத்து, கடனால் கெட்ட குடும்பங்களைப் பற்றி அரைமணி நேரம் பாடம் நடத்துவார். வந்தவர்கள் மோரைப் பாதியில் வைத்துவிட்டுப் போவார்கள். மளிகைக்கடை ஜெய்னுலாபுதீன் பாயையும் விட்டதில்லை. "பாய், கடனுக்குச் சாமான் குடுத்து ஊரக் கெடுக்காதீக" என்று கடைவாசலில் நின்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். பாய் தராசைப் பார்த்துக்கொண்டே, "சரிங்க சார்" என்பார்.

தொண்ணூற்றாறாம் வருடம் ஐப்பசி மாதத்தில் எங்கள் வீட்டுக்காரம்மா நாகம்மை ஆச்சி என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். நாங்கள் குடியிருந்தது அவருடைய பின்தெரு வீடு. மூன்று அறை, ஓட்டுக்கூரை, காலை வெயில் நேராக அடுப்படிக்குள் வந்து விழும்.

"மகன் மெட்ராசுக்கே வந்துரச் சொல்லுறான். இங்கன இருக்குறதையெல்லாம் குடுத்துட்டுப் போகப்போறேன்" என்றார் ஆச்சி. "பின்தெரு வீட்ட மாவுமில்லுக்காரன் மூட்டை போட்டு வைக்கக் கேக்குறான். எனக்கு மனசில்ல. நீ வாங்கிக்கிறதாருந்தாச் சொல்லு, தை பொறக்குற வரைக்கும் பாப்பேன்."

கல்யாணமானதிலிருந்து ஏழு வாடகை வீடு மாறியவள் நான். ஒவ்வொரு மாற்றத்திலும் ஒரு ஜாடி உடையும், ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் வரும். எனக்கு அந்த வீடு வேண்டும். அவ்வளவு ஆசையை நான் அதற்கு முன்னும் பின்னும் எதன் மேலும் வைத்ததில்லை. கையில் இருந்த சேமிப்பு பாதி விலைக்கு வந்தது. மீதிக்குக் கடன்தான் வழி என்று சொன்னதும் அவர் மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நாலாம் நாள் சாப்பிட உட்கார்ந்தவர், "யோசிச்சுப் பாத்தா வீட்டுக் கடன்ங்கிறது கடன் இல்ல, வாடகைய வேற எடத்துல கட்டுறதுதான்" என்றார். இந்தக் கண்டுபிடிப்பை நான் மறுத்துப் பேசவில்லை. ரசத்தை ஊற்றினேன்.

பேங்க் மேனேஜர் நாச்சியப்பன் மரியாதையான மனிதர். எழுந்து நின்று வரவேற்று, காபி வரவழைத்து, மனுவை வாங்கிக்கொண்டார். "உங்களுக்கு இல்லாத லோனா சார், ஒரு மாசத்துல முடிஞ்சிரும்" என்றார். நான் அன்றைக்கே அடுப்படியில் எங்கே அலமாரி வைப்பது என்று தீர்மானித்துவிட்டேன்.

பத்து நாள் போயிருக்கும். தெருமுனையில் டீக்கடை வைத்திருக்கும் மெய்யநாதன் என்னை நிறுத்தினான்.

"அக்கா, சாருக்கு ஒண்ணும் சிக்கல் இல்லையே?"

"என்ன சிக்கல்?"

"காதுல பேனா சொருகுன ஆளு ஒருத்தரு வந்தாரு. டீயக் குடிச்சிக்கிட்டே, வளன் சார் ஆளு எப்படி, வாங்குனாத் திருப்பிக் குடுப்பாரா, வேற எங்குட்டும் வாங்கியிருக்காரான்னு கேட்டாரு. நான் தங்கமான மனுசன்னுதான் சொன்னேன். ஆனா தங்கமான மனுசனப் பத்தி எதுக்குக்கா கேக்கப் போறாக?"

அந்தக் காலத்துக் காரைக்குடியை நினைத்துப் பாருங்கள். இரண்டு கடைக்கு ஒரு ஃபைனான்ஸ் கம்பெனி. கண்ணாடிக் கதவு, ஒரு மேசைவிசிறி, சுவரில் ஒரு சாமி படம், கம்பெனி தயார். அவற்றின் ஏஜெண்டுகள் எல்லாரும் மெய்யநாதன் கடை பெஞ்சில்தான் பொழுதைக் கழிப்பார்கள். வளன் சாரைப் பற்றி யாரோ கேட்கிறார்கள் என்ற செய்தி அந்த பெஞ்சில் விழுந்தது. ஒருவன், சாருக்குப் பணம் தேவைப்படுகிறது போல, நம் கம்பெனியில் வாங்கவைக்கலாம் என்று எதிர்வீட்டில் விசாரித்தான். இன்னொருவன், ஏற்கெனவே எங்கோ வாங்கி மாட்டிக்கொண்டார் போல என்று பள்ளிக்கூடத்து வாட்ச்மேனிடம் விசாரித்தான். இவர்கள் இரண்டு பேரும் விசாரிக்கிறார்களே என்று மூன்றாவது ஆள் எங்கள் பால்காரனிடம் விசாரித்தான். நல்லபடியாகச் சொல்லிவிட்டுத்தான் எல்லாரும் அனுப்பினார்கள். அனுப்பிவிட்டு யோசித்தார்கள்.

பால்காரன் முதல் தேதிக்குக் காத்திராமல் இருபதாம் தேதியே பணம் கேட்டான். துணி தைக்கக் கொடுத்த இடத்தில் முன்பணம் கேட்டார்கள். பேரவைக் கூட்டத்தில், உண்டியல் சாவி ஒருவரிடமே இருப்பது அவருக்குச் சுமை என்று யாரோ அன்போடு எடுத்துச் சொல்ல, சாவி இன்னொருவர் இடுப்புக்குப் போனது. எங்கள் வீட்டுக்காரர் வீட்டுக்கு வந்து வெறும் இடுப்பைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

மேனேஜரைப் பார்க்கப் போனோம். இந்தத் தடவை காபி வரவில்லை.

"சார், தப்பா நினைக்காதீக" என்றார் நாச்சியப்பன். "சாயங்காலம் கிளப்புல சீட்டாடப் போனா, உங்க பேரு அடிபடுது. நாலு எடத்துல உங்களப் பத்தி விசாரிச்சிக்கிட்டு இருக்காகளாம். எங்கெல்லாம் லோன் கேட்டிருக்கீக?"

"ஒரு எடத்துலயும் இல்ல. உங்கள்ட்ட மட்டுந்தான்."

"கேக்காமயா விசாரிப்பாக? நெருப்பில்லாமப் புகையுமா?"

"நான் பொறந்ததுல இருந்து ஒரு பைசா கடன் வாங்குனதில்ல சார்."

"அத நீங்க சொல்லக்கூடாது. அடுத்தவுக சொல்லணும். ஊர்ல உள்ள பேங்க் எல்லாத்துலயும் பாக்கி இல்லைன்னு ஒரு நோ டியூ சர்டிபிகேட் வாங்கிட்டு வந்துருங்க. நான் பாஸ் பண்ணிர்றேன்."

காரைக்குடியில் பேங்குக்கா பஞ்சம். பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கப்பலேறிப் போய் வட்டிக்கு விட்டவர்களின் ஊர் இது. எங்கள் வீட்டுக்காரர் தினமும் அரைநாள் லீவு போட்டுவிட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு பேங்காக ஏறி இறங்கினார். முதல் பேங்கில், "உங்களுக்கு இங்க அக்கவுண்டே இல்லையே, இல்லாத ஆளுக்குப் பாக்கி இல்லைன்னு நான் எப்படிச் சொல்றது" என்று கேட்டார்கள். அக்கவுண்ட் தொடங்கினால் சொல்லலாமாம். தொடங்க வேண்டுமானால் ஆள் எப்படி என்று விசாரிக்க வேண்டுமாம். இரண்டாவது பேங்கில் விவரமாகக் கேட்டுக்கொண்டார்கள். இந்த ஆள் எதற்கு இவ்வளவு தூரம் அலைந்து பாக்கி இல்லை என்று எழுதிவாங்கப் பார்க்கிறார் என்று சந்தேகப்பட்டு, அன்றைக்குச் சாயங்காலமே ஒருவரை எங்கள் தெருவுக்கு அனுப்பினார்கள். மூன்றாவது பேங்குக்கு அவர் போவதற்கு முன்பே அவரைப் பற்றிய பேச்சு போய்விட்டது.

அந்த வாரம் மெய்யநாதனுக்கு நல்ல வியாபாரம். விசாரிக்க வருகிற எல்லாரும் ஆளுக்கு ஒரு டீயாவது குடிக்க வேண்டுமே. "அக்கா, உங்க புண்ணியத்துல ரெண்டு லிட்டர் பால் கூடப் போடுறேன்" என்றான். நல்ல மனதோடுதான் சொன்னான், அதனால் திட்டவில்லை.

கார்த்திகை பிறந்துவிட்டது. ஆச்சி இரண்டு தடவை ஆள் விட்டுக் கேட்டார். நான் ராத்திரி அடுப்படியில் விளக்கை அணைக்காமல் உட்கார்ந்திருப்பேன். கடன் இருந்தால் கட்டிவிட்டு ரசீதைக் காட்டலாம். இல்லாத கடனை எப்படிக் காட்டுவது? எங்கள் வீட்டுக் கணக்கு வாத்தியாருக்கே அதற்கு வழி தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமைப் பூசையில்தான் அவருக்கு யோசனை வந்தது. அன்று எங்கள் பங்குச் சாமியார், பாதர்தான், ஒரு கல்யாண ஓலை வாசித்தார். எங்களில் கல்யாணம் நிச்சயமானால் மூன்று ஞாயிறு பூசையில் ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம், யாருக்காவது ஏதாவது தடை தெரிந்தால் பங்குச் சாமியாரிடம் வந்து சொல்ல வேண்டும், தெரிந்தும் மறைத்தால் பாவம். மூன்று ஓலைக்கும் யாரும் வரவில்லை என்றால் தடை இல்லை என்று அர்த்தம். பூசை முடிந்ததும் இவர் என்னை இழுத்துக்கொண்டு சாமியார் வீட்டுக்குள் போனார்.

"சாமி, எனக்கு மூணு ஓலை வாசிக்கணும்."

சாமியார் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

"கடனுக்கு, சாமி. எனக்குக் கடன் குடுத்தவுக யாராச்சும் இருந்தா வந்து சொல்லட்டும். மூணு வாரமும் ஒருத்தரும் வரலைன்னா, வரலைன்னு நீங்க எழுதிக் குடுங்க. பேங்க்ல காட்டிர்றேன்."

"ஓலை கல்யாணத்துக்கு உள்ளது, வளன்."

"பதினைஞ்சு வருசம் பேங்க்கோட சேந்து வாழப் போறேன், சாமி. நடுவுல விட்டுட்டும் போக முடியாது. கல்யாணத்துக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?"

சாமியார் நீண்ட நேரம் தாடையைத் தடவினார். உண்டியல் சாவி விஷயத்தில் அவருக்கும் கொஞ்சம் மனக்கஷ்டம் இருந்திருக்க வேண்டும். ஓலையாக முடியாது, அறிவிப்போடு அறிவிப்பாக வாசிக்கிறேன் என்று ஒத்துக்கொண்டார். நாச்சியப்பனிடம் போய்ச் சொன்னோம். அவர், இப்படி ஒரு நோ டியூ சர்டிபிகேட்டைத் தன் சர்வீசில் பார்த்ததில்லை என்றும், வந்தால் ஃபைலில் வைப்பதாகவும் சொன்னார்.

அடுத்த ஞாயிறு சாமியார் வாசித்தார். "நமது பங்கைச் சேர்ந்த காலஞ்சென்ற சந்தியாகு அவர்களின் மகன் வளன் என்பவர் வீட்டுக் கடன் பெற இருப்பதால், இதற்கு முன் அவருக்குக் கடன் கொடுத்தவர்கள் யாரேனும் இருப்பின், மனச்சாட்சிக்குக் கட்டுப்பட்டுப் பங்குச் சாமியாரிடம் தெரிவிக்கும்படி கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள். இது முதல் அறிவிப்பு."

பிரசங்கத்தில் தூங்கிப்போய் அறிவிப்பில் விழிக்கிறவர்கள் எங்கள் பங்கில் நிறையப் பேர். அவர்களுக்கு சந்தியாகு மகன் வளன் என்பதும் முதல் அறிவிப்பு என்பதும் மட்டும் காதில் விழுந்தது. நடுவில் உள்ளதை அவர்களே சேர்த்துக்கொண்டார்கள். மத்தியானத்துக்குள் அமராவதிபுதூரிலிருந்து என் சின்னம்மா பஸ் ஏறி வந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு, "இந்த வயசுல அவருக்கு ரெண்டாங் கல்யாணமா, நீ எப்படித்தா சம்மதிச்சே" என்று அழுதார். சோறு போட்டு விளக்கிச் சொல்லி அனுப்புவதற்குள் இருட்டிவிட்டது.

அந்த வாரம் சாமியாரிடம் வந்தவர் ஒரே ஆள். பாடற்குழு ஜான் பீட்டர். எண்பத்தொன்றில் வேளாங்கண்ணிக்குப் போனபோது வளனுக்கு பஸ் டிக்கெட் எடுத்தது தான்தான் என்றும், அது கடனா அன்பளிப்பா என்று தனக்கே நிச்சயமில்லை என்றும், மறைத்த பாவம் வேண்டாம் என்று வந்ததாகவும் சொன்னாராம். இவர் அன்றைக்கே போய்க் காசைக் கொடுத்துவிட்டு வந்தார். இரண்டாம் அறிவிப்புக்கு ஒருவரும் வரவில்லை. இவர் நடையில் பழைய மிடுக்கு திரும்பியது. இழவு வீடு ஒன்று கிடைத்தால் போய்ப் பேசிவிட்டு வரலாம் என்ற முகத்தோடு திரிந்தார்.

மூன்றாம் ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்தால், வேப்பமரத்தடியில் நாச்சியப்பன் நிற்கிறார். கடைசி அறிவிப்பைத் தன் காதாலேயே கேட்கலாமென்று வந்தாராம். சாமியார் சான்றிதழை எழுதிக் கையில் வைத்திருந்தார். கையெழுத்துப் போட பேனாவைத் திறந்த நேரத்தில், கேட்டுக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு ஜெய்னுலாபுதீன் பாய் உள்ளே வந்தார்.

"பாதர், மன்னிச்சுக்கிருங்க. நான் உங்க பங்குல சேந்தவன் இல்ல. கடைக்கு வர்றவுக சொல்லித்தான் தெரியும். சாருக்குக் கடன் குடுத்தவுக சொல்லாம இருந்தாக் குத்தம்னு கேள்விப்பட்டேன். ரெண்டு வாரமாத் தூக்கமில்ல."

"சொல்லுங்க பாய்."

"சார் வீட்டுப் பத்துக் கணக்கு என் கடை நோட்டுல இருக்கு. அவுக கல்யாணமாகி வந்த நாள்ல இருந்து இருக்கு. மாசம் பூரா சாமான் போகும், முதத் தேதி இந்தத் தங்கச்சி வந்து குடுத்துரும். இந்த மாசத்துக்கு உள்ளது இன்னும் நிக்கிது. இல்லைன்னு சொன்னாப் பொய்யாயிரும்ல."

இவர் முகத்தில் ஈயாடவில்லை. சம்பளத்தைக் கவரோடு என் கையில் கொடுப்பவர் அவர். அரிசி எங்கிருந்து வருகிறது, பருப்பு எப்படி வருகிறது என்று ஒரு நாளும் கேட்டதில்லை. நானும் அதைக் கடன் என்று நினைத்ததில்லை, பழக்கம் என்றுதான் நினைத்திருந்தேன். ஊரில் மாதச் சம்பளக்காரர் வீடுகள் எல்லாம் அப்படித்தான் நடக்கின்றன.

"ஒரு மாசமாச்சும் நிலுவை நின்னிருக்கா?" என்று கேட்டார் நாச்சியப்பன். குரல் மாறியிருந்தது.

பாய் தயங்கினார். "ஒருவாட்டி. தங்கச்சிய மதுரையில ஆபரேசனுக்குச் சேத்திருந்தாக. அந்த வருசம் பள்ளிக்கூடத்துல ரெண்டு மாசம் சம்பளமும் வரல. சார் மதுரையிலயே கெடந்தாரு. வீட்டுல பிள்ளைகளும் சாரோட அக்காவும் மட்டும் இருந்தாக. கேக்காமயே அனுப்பி வச்சேன். அப்புறம் மூணு தவணையில எல்லாம் வந்துருச்சு. அத விடுங்க, அது கணக்குல சேராது."

அந்த இரண்டு மாதமும் சேமிப்பில் கைவைக்காமல் சமாளித்ததைத்தான் இவர் எல்லா இழவு வீட்டிலும் உதாரணமாகச் சொல்வார். தன் பிள்ளைகளுக்கு அப்போது சோறு போட்டது யார் என்று அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. சாமியாரின் பெஞ்சில் போய் உட்கார்ந்துவிட்டார். எங்கே தண்ணீர் கேட்பாரோ என்று நான் பக்கத்தில் போய் நின்றேன்.

நாச்சியப்பனுக்கோ சந்தோஷம் தாங்கவில்லை. "சார், இத ஏன் முதல்லயே சொல்லல? கடனே வாங்காத ஆள வச்சு பேங்க் என்ன சார் செய்யும்? வாங்கித் திருப்பிக் குடுத்த ஆளுதான் எங்களுக்கு வேணும். ஒரே ஒரு ஜாமீன் கொண்டாங்க, இந்த வாரமே பாஸ்."

சாமியார் தன் கையிலிருந்த சான்றிதழைக் கிழித்துவிட்டார்.

ஜாமீனுக்காக இவர் கூட வேலை பார்க்கிறவர்களிடம் போனார். யாரும் முகத்தில் அடித்த மாதிரிப் பேசவில்லை. எல்லாரும் மோர் கொடுத்தார்கள். "நீங்க அன்னைக்குச் சொன்னீகள்ல சார், ஜாமீன் போட்டவன் கெட்டான்னு, அதுல இருந்து நான் யாருக்கும் போடுறதில்ல" என்று ஒருவர் சொன்னார். கேலியில்லை, நிஜமாகவே பாடத்தைக் கேட்டு நடந்திருக்கிறார். இவர் மோரை முழுதாகக் குடித்துவிட்டு வந்தார்.

இதைக் கேள்விப்பட்டு பாய்தான், "நான் போடுறேன் தங்கச்சி" என்றார்.

மூன்று பேரும் பேங்குக்குப் போனோம். பாய் கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையும் தொப்பியுமாக வந்திருந்தார். காபி மறுபடியும் வந்தது. நாச்சியப்பன் தாள்களைப் பரப்பி, எங்கெங்கே கையெழுத்து என்று பென்சிலால் புள்ளி வைத்தார். எனக்கு அடுப்படி அலமாரி கண்ணில் நின்றது. கடைசிப் புள்ளியை வைத்துவிட்டு அவர் மூலை மேசையைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"கோட்டைச்சாமி, ஜாமீன்தாரரப் பத்தி ஒரு விசாரணை முடிச்சுட்டு வந்துருங்க."

மூலையிலிருந்து ஒருவர் எழுந்தார். காதில் பேனா சொருகியிருந்தது.

"டீக்கடையில எங்க வீட்டுக்காரரப் பத்திக் கேட்டது நீங்கதான?" என்றேன்.

"ஆமாம்மா. லோன் மனு வந்தா விசாரிக்கிறது வழக்கந்தான."

நான் நாச்சியப்பனைப் பார்த்தேன். நெருப்பு எங்கே என்று எங்களைக் கேட்ட மனிதர் அவர். இப்போது காபி டம்ளரைக் கொஞ்சம் தள்ளிவைத்தார். "முறைப்படி செய்யிறதும்மா அது. மத்தவுக எதுக்கு விசாரிச்சாகன்னு எனக்குத் தெரியாது" என்றார்.

எங்கள் வீட்டுக்காரர் என் பக்கம் திரும்பவில்லை. கோட்டைச்சாமியிடம் கேட்டார். "பாயைப் பத்தி எங்குட்டுப் போயி விசாரிப்பீக?"

"கடைத்தெருவுல கேப்பேன். அப்புறம் மதுரையில அவருக்குச் சரக்குப் போடுற எடத்துல. ரெண்டு வார்த்ததான் சார்."

பாயின் கடைக்குச் சரக்கு முழுவதும் மதுரையிலிருந்து வாய்ச்சொல்லில் வருகிறது. ஒரு மாதத் தவணை, எழுத்து கிடையாது. ஜெய்னுலாபுதீன் ஆள் எப்படி, கொடுப்பாரா என்று ஒருவன் போய் அங்கே கேட்டுவிட்டால், தங்கமான மனுசன் என்றுதான் சொல்வார்கள். சொல்லிவிட்டு அடுத்த லாரியில் மூட்டை ஏற்றமாட்டார்கள். பாய்க்கு இது தெரியாதா என்ன. அவர் தொப்பியைக் கழற்றி, தலையைத் தடவிவிட்டு, மறுபடியும் வைத்துக்கொண்டார்.

"பரவால்ல சார், கேக்கட்டும். நான் பாத்துக்கிறேன்" என்றார்.

"விசாரிக்காம முடியாதா?" என்று கேட்டார் இவர்.

"ரூல் சார்" என்றார் நாச்சியப்பன். "நீங்களே பாத்தீகள்ல, உங்களுக்கும் விசாரிச்சுத்தான் எல்லாம் நல்லபடியா முடிஞ்சது."

அப்போது இவர் என்னைப் பார்த்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டார். "சூச, நீ என்ன சொல்றே?"

இருபது வருடத்தில் ஒரு காரியத்துக்கு அவர் என்னிடம் இப்படிக் கேட்டதில்லை. கேட்க வேறு நாள் கிடைக்கவில்லையா என்று ஆத்திரமாக வந்தது. கையெழுத்துப் போட்டால் வீடு. பாய் தானே சரி என்கிறார், நமக்கென்ன என்று ஒரு மனம் சொல்லத்தான் செய்தது. அந்த இரண்டு மாதம் என் பிள்ளைகள் பட்டினி கிடக்கவில்லை என்பது மட்டும் நினைவில் நின்றது.

"எந்திரிங்க, போவோம்" என்றேன்.

அவர் மனுவைக் கேட்டு வாங்கி, நாலாக மடித்து, சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். நாச்சியப்பன் வாசல் வரை வந்து வழியனுப்பினார். அவர் மரியாதையான மனிதர்தான், அதை எப்போதும் சொல்வேன்.

வீடு போனது போனதுதான். தை பிறந்ததும் ஆச்சி அதை மாவுமில்காரருக்கே கொடுத்துவிட்டார். நாங்கள் எட்டாவது வாடகை வீட்டுக்கு மாறினோம். புது வீட்டு அடுப்படியில் பகலிலும் விளக்குப் போட வேண்டும். அன்றைக்கு ராத்திரி நான் அழுத அழுகையை யாரும் பார்க்கவில்லை, பார்த்தால்தான் என்ன.

ஆனால் பேங்கிலிருந்து திரும்பிய அந்த நாளைச் சொல்ல வேண்டும். மூன்று பேரும் வெயிலில் நடந்துவந்தோம். பாய் கடையைத் திறந்தார். வழக்கம்போல் நான் மட்டும் படியேறப் போனேன். இவர் எனக்கு முன்னால் ஏறி, கல்லாப்பெட்டி முன் நின்றார். அதற்கு முன்னால் அவர் அந்தக் கடையில் பாடம் நடத்தத்தான் நின்றிருக்கிறார். கடையில் இரண்டு மூன்று பேர் இருந்தார்கள். எல்லாரும் கேட்கும்படியாகவே சொன்னார்.

"ஒரு கிலோ சீனி, அரைக்கிலோ துவரம்பருப்பு. பத்துல எழுதிக்கிருங்க, பாய்."

"சரிங்க சார். தங்கச்சி பேர்லதான் இருக்கு, அதுலயே போட்டுக்கிறேன்."

"இல்ல, என் பேரப் போடுங்க" என்றார்.

பாய் நிமிர்ந்து அவரைப் பார்த்தார். பிறகு பென்சிலை நாக்கில் தொட்டுக்கொண்டு, வளன் சார் என்று எழுதினார்.